மூன்றாம் நாள் மண்வெட்டி

மகளே,

நீ விமானம் ஏறி இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. வழியனுப்ப வந்த உன் அம்மா பாரிவாக்கம் சந்திப்பு வரை சிரித்துப் பேசிக்கொண்டுதான் வந்தாள். வண்டி பூந்தமல்லிப் பக்கம் திரும்பியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முன் இருக்கையில் இருந்த நீ அதைப் பார்க்கவில்லை.

நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். நர்ஸ் பதிவு வரும்வரை வார்டில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், பஞ்சு மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எதற்கு வந்தேன் என்றே தெரியவில்லை பெரியப்பா என்றாய். எனக்குப் பழக்கமான குரல் அது. 1983இல், இருபத்தேழு வயதில், அதே தான்சானியாவில், டொடோமாவின் அதே சிவந்த மண்ணில், ஒரு மிஷன் மருத்துவமனையின் பம்பையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டராக நான் போய் இறங்கியபோது எனக்குள் கேட்ட குரல்.

ஆறு வருடம் அங்கே இருந்தேன். முதல் ஆறு வாரத்தில் செய்த தவறுகளைச் சரிசெய்யவே அதில் பாதி போய்விட்டது. அவற்றை எண் போட்டு உனக்கு எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே. பஞ்சு மடிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் படி.

1. மண்வெட்டியை அவர்கள் கையால் வாங்கு.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்கிறோம். அங்கேயும் அதற்கு ஒரு சொலவடை உண்டு. விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் அவன் கையில் மண்வெட்டியைக் கொடு என்பார்கள். சுவாஹிலியில் மண்வெட்டிக்கு ஜெம்பே என்று பெயர். அந்தச் சொலவடையில் நான் வெகுகாலம் கவனிக்காத சொல் ஒன்று இருக்கிறது: கொடு. மண்வெட்டியை விருந்தாளி தானாகப் போய் எடுத்துக்கொள்வதில்லை.

நான் எடுத்துக்கொண்டேன். போன முதல் வாரமே பம்பு அறையைப் பார்த்தேன். டீசல் எஞ்சின் ஆடிக்கொண்டிருந்தது, பெல்ட் கோணலாக ஓடியது, பம்பு கிளாண்டில் தண்ணீர் சொட்டி, கீழே ஒரு டப்பா வைத்திருந்தார்கள். இரவோடு இரவாகப் பிரித்தேன். பேக்கிங் கயிறு மாற்றி, பெல்ட்டை நேர் செய்து, காலையில் ஓட்டினேன். தொட்டி இரண்டு மணி நேரத்தில் நிறைந்தது. மருத்துவர் என் தோளைத் தட்டினார். ஆண்டவர் என்னை அனுப்பியதற்கு இதுதான் காரணம் என்று அன்றிரவு ஜெபித்தேன்.

அந்தப் பம்பைப் பதினான்கு வருடமாக ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் வந்தார். ஓடுகிற எஞ்சினைப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த தன் எண்ணெய்த் துணியை எடுத்து, நான்காக மடித்து, கையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் துணியை மடித்த விதம் நாற்பது வருடம் கழித்தும் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டு மாதம் கழித்து, உதிரி பாகம் வாங்க நான் டொடோமா நகரத்துக்குப் போயிருந்த மூன்று நாளில் எஞ்சின் நின்றுவிட்டது. டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தது, அவ்வளவுதான். பெரியவருக்கு அது ஐந்து நிமிட வேலை. ஆட்கள் போய்க் கூப்பிட்டார்கள். அது இப்போது இந்தியரின் பம்பு என்று சொல்லிவிட்டாராம். மூன்று நாளும் பெண்கள் வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சுரைக்குடுக்கையால் மொண்டு, மருத்துவமனைக்குத் தண்ணீர் சுமந்தார்கள். பிரசவித்த பெண்களுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். பம்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கை கழுவத் தண்ணீர் ஊற்றினார், சாப்பிட்டோம், திரும்பினேன். மறுபடி போனேன். மூன்றாம் முறை போனபோது கொல்லைக்கு அழைத்துச் சென்று ஒரு மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். உச்சி வெயில் ஏறும்வரை அவருடைய கம்பங்கொல்லையில் இருவரும் களை வெட்டினோம். மறுநாள் காலை பம்பு அறையில் எண்ணெய்த் துணி அதே ஆணியில் தொங்கியது.

அதன் பிறகு அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எஞ்சின் உடம்பில் உள்ளங்கையை வைத்து, குழந்தைக்குச் சுரம் பார்ப்பதுபோல அதன் சூட்டைப் பார்ப்பார். என்ன கோளாறு என்று என் கருவிகள் சொல்லும் முன் அவர் கை சொல்லிவிடும்.

ஆகவே பஞ்சு மடி, மகளே. உன் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு மடிக்கிற பெண் எத்தனை வருடமாக அதைச் செய்கிறாள் என்று கேள். அவள் மடிக்கிற மாதிரி மடி.

2. குழந்தையாக உட்கார்ந்து மொழி படி.

1706இல் தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்க் வந்து இறங்கியபோது அவருக்கு உன் வயதுதான் இருக்கும். ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே பள்ளியைக் கொண்டுவரச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். ஒன்பதே வருடத்தில், 1715இல், தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. வேலையின் தொடக்கம் அந்த மணல்தான்.

நான் புத்தகத்தில் படித்தேன். மூன்றாம் ஞாயிறு ஆராதனையில் ஜெபம் நடத்தச் சொன்னார்கள். ஜெபிப்போம் என்பதற்கு துவோம்பே என்று சொல்ல வேண்டும். நான் துயிம்பே என்றேன். அதற்குப் பாடுவோம் என்று பொருள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு நொடி சபை அமைதியாக இருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி மெல்லிய குரலில் பாட்டை எடுத்தார். சபை முழுவதும் எழுந்து நான்கு குரலில் பாடியது. என் தவறு தவறாகத் தெரியக் கூடாது என்று அந்தத் தாய் செய்த காரியம் அது என்று பிறகுதான் புரிந்தது. ஒரு உயிரெழுத்துத் தவறி, நூறு பேரின் தயவு எனக்குக் கிடைத்தது.

தப்பாகப் பேசு. பேசாமல் இருந்துவிடாதே. டீக்கு சாய், சப்பாத்தி சப்பாத்திதான், வண்டிக்கு காரி, கடைக்கு துகா. நம் நாட்டுச் சொற்கள் உனக்கு முன்பே கப்பலேறிப் போய் அங்கே குடியிருக்கின்றன. பெரியவர்களைக் கண்டால் முதலில் ஷிகமோ சொல். அவர்கள் மரஹபா சொல்லும்வரை நின்று கேள். அவசரமாகத் தாண்டிப் போகாதே. வீட்டு வாசலில் ஹோதி என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து கரிபு என்ற பதில் வரும்வரை காத்திரு.

இன்னும் ஒரு சொல் இருக்கிறது: போலே. தடுக்கி விழுந்தவருக்கும் அதுதான், சுமை தூக்குகிறவருக்கும் அதுதான், பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் அதுதான். உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது என்பதை ஒரே சொல்லில் சொல்ல நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. ஊசி போடும் முன் அதைச் சொல். போட்ட பின்னும் சொல்.

3. அவர்கள் கடிகாரத்தைக் கற்றுக்கொள்.

அங்கே நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. நம் ஏழு மணியை ஒரு மணி என்பார்கள், ஒன்பதை மூன்று என்பார்கள். நம் தாத்தாக்கள் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதும் இப்படித்தானே? வேதத்தில் மூன்றாம் மணி, ஆறாம் மணி என்று வருவதும் இதே கணக்குதான். மூன்று மணிக்கு அடக்க ஆராதனை என்று சொன்னதைப் பிற்பகல் என்று எண்ணி, எல்லாம் முடிந்து மண் மூடிய பிறகு போய் நின்றவன் நான். அந்த வீட்டார் அப்போதும் எனக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். நீ யார் நேரத்தையும் இப்படித் தவறவிடாதே.

4. வைத்ததைச் சாப்பிடு.

டொடோமா வறண்ட சீமை. கம்பும் சோளமும்தான் அவர்கள் பயிர். அந்தக் கம்பு மாவில் கிண்டுகிற உகாலி வேறொன்றுமில்லை, உன் ஆச்சி கிண்டிய களிதான். தொட்டுக்கொள்ள ம்லெண்டா என்ற கீரை வைப்பார்கள். வெண்டைக்காய் போல வழவழவென்று இருக்கும். முதல் கவளம் தொண்டையில் நிற்கும், நான்காவது வாரம் தேடும்.

சாப்பாட்டுக்கு முன் வீட்டுப் பிள்ளை ஒன்று குடத்தோடும் தட்டோடும் வந்து உன் முன் மண்டியிட்டுக் கையில் தண்ணீர் ஊற்றும். அந்தத் தண்ணீர் எத்தனை மைல் நடந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. குறைவாகக் கழுவு. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்.

பெண்கள் பருப்புப் புடைப்பதையும் மாவு இடிப்பதையும் பார்த்துக்கொண்டு நிற்காமல் பக்கத்தில் போய் உட்கார். நான் ஆண் என்பதால் எனக்கு அடைபட்டிருந்த கதவு அது. உனக்குத் திறந்திருக்கிறது.

5. கல்லாவுக்குப் பின்னால் நிற்காதே.

நீ அங்கே போகும் முன்பே இந்தியர் என்றால் யார் என்று அவர்களுக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாகக் குஜராத்திலிருந்து போய்க் கடை வைத்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ நல்லவர்கள் உண்டு. எனக்குக் கடனில் மண்ணெண்ணெயும் சவுக்காரமும் கொடுத்த குடும்பத்தை நான் மறக்க முடியாது. நாடே சர்க்கரைக்கும் சோப்புக்கும் வரிசையில் நின்ற காலம் அது. ஆனாலும் கடைக்காரருக்கும் வாங்க வருகிறவருக்கும் நடுவே ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையை நாம் ஊழியத்துக்குள் தூக்கிக்கொண்டு போகிறோம். நான் வைத்திருக்கிறேன், நீ கேட்க வந்திருக்கிறாய் என்கிற மேசை.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியபோது, நம் வெள்ளாளன்விளைக்காரர் வேதநாயகம் அசரியா எழுந்து அந்த மேசையைப் பற்றித்தான் பேசினார். உயிரையும் உடைமையையும் எங்களுக்குத் தந்தீர்கள், நட்பையும் தாருங்கள் என்ற பொருளில் வெள்ளை மிஷனெரிகளைப் பார்த்து வேண்டினார். அன்று அந்த மண்டபத்தில் பலருக்கு அது கசந்தது. இரண்டே வருடத்தில் அவர் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர்.

யோசித்துப் பார். மிஷனெரியை வரவேற்ற ஊர் நம்முடையது. நம் பாட்டன்மாருக்கு எந்த வார்த்தை ஆறுதலாக இருந்தது, எந்தப் பார்வை சுட்டது என்பது நம் வீட்டுக் கதைகளிலேயே இருக்கிறது. வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிற தமிழ்ப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பயிற்சி எந்தக் கல்லூரியும் தர முடியாது. உனக்குச் சுட்டதை நீ யாருக்கும் செய்யாதே.

6. ஊருக்கு எழுதுவதை, அவர்கள் படிப்பார்கள் என்று நினைத்து எழுது.

இதை நான் அழுதுகொண்டு கற்றேன். நாலாவது வாரம் ஜெபக்கடிதம் எழுதினேன். ஒரு விதவையின் குடிசை, அவள் பிள்ளையின் வயிறு, கிழிந்த துணி என்று எல்லாம் எழுதினேன். படித்தவர்கள் உருகிக் காணிக்கை அனுப்பினார்கள். ஒரு பத்திரிகையில் ஆங்கிலத்தில் அச்சானது. அந்தப் பிரதி எப்படியோ எங்கள் மருத்துவமனைக்கே வந்தது. அங்கே வேலை பார்த்த உள்ளூர் நர்ஸ் படித்தாள். அந்த விதவை அவளுக்குச் சித்தி. என்னிடம் வந்து சண்டை போடவில்லை. "என் சித்தியிடம் பத்து ஆடு இருந்தது, பஞ்சத்தில் செத்தது. எங்கள் சபையில் ஞாயிறுபள்ளியைத் தொடங்கியவள் அவள்தான். அதை ஏன் எழுதவில்லை?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. மிஷனெரி கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்தவர், அந்த மண்ணிலேயே அடக்கமானவர். அவர் 1849இல் திருநெல்வேலி நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். இங்கிலாந்தில் இருப்பவர்கள் படிக்க எழுதியது. அந்த மக்களின் பிள்ளைகளே பிறகு படித்து, ஆங்கிலம் கற்று, அதை வாசித்துக் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் அவர் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவர்கள் படித்தது அவரைப் போன்ற மிஷனெரிகள் திறந்த பள்ளிக்கூடங்களில்தான். ஒரு ஊழியனுக்கு இதைவிடப் பெருமையும் இதைவிட வலியும் ஒரே நேரத்தில் வர முடியாது என்று நான் நினைப்பதுண்டு.

என் கடிதம் சுற்றிவர மாதங்கள் ஆயின. உன் போனில் எடுக்கிற படம் நொடியில் சுற்றிவரும். மூக்கொழுகும் குழந்தையைப் படமெடுத்து அனுப்பாதே. நம் தெருப் பிள்ளையை யாராவது அப்படி எடுத்து, வெளிநாட்டுச் சபையில் திரையில் காட்டினால் உன் அம்மா விடுவாளா? நோயாளியின் படம் வேண்டவே வேண்டாம். படம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடு, அவர்கள் தலைவாரி நல்ல துணி உடுத்தி வரும்வரை காத்திரு, எடுத்ததை முதலில் அவர்களிடமே காட்டு.

7. பணத்தைப் பற்றி.

உன் விமானச் சீட்டு எங்கிருந்து வந்தது என்று மறக்காதே. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருகிற தாய்மார்களுடைய பணம் அது. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்தியர் பணத்தால் இந்தியரே நடத்த வேண்டும் என்று துணிந்தார்கள். அந்தத் துணிச்சலைச் சுமந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு காணிக்கைகள்தான். ஒரு ஷில்லிங்குக்கும் கணக்கு எழுது.

முதல் மூன்று மாதம் தனியாக யாருக்கும் பணம் கொடுக்காதே. இதைச் சொல்வது கடினமாக இருக்கிறது, உன் கை இளகியது என்று தெரியும். மூன்றாவது வாரம் ஒரு பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினேன். மறுநாள் என் வாசலில் பன்னிரண்டு பேர். இல்லை என்று சொல்லப்பட்டவர்களின் கசப்பு முழுவதும் அந்தப் பையன் தலையில் விழுந்தது. கொடுக்க மனம் இருந்தால் சபை மூப்பர்களிடம் கொடு. யாருக்கு உண்மையில் இல்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

8. கொசுவலைக்குள் படு.

நீ நர்ஸ், உனக்கு நான் மருத்துவம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தன் காய்ச்சலைக் கடைசியாகப் பார்ப்பவளும் நர்ஸ்தான். 1844இல் மொம்பாசாவுக்கு வந்த கிராஃப் என்ற மிஷனெரி, சில மாதங்களுக்குள் மனைவியையும் பிறந்த சிசுவையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அவர்களுக்கு எதனால் மலேரியா வருகிறது என்றே தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தும் அசட்டையாக இருப்பதை விசுவாசம் என்று சொல்லிக்கொள்ளாதே.

ஐந்தாவது வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே படுத்துவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது என்று மூன்று நாள் மறைத்தேன். மூன்றாம் இரவு வாசலில் விழுந்து கிடந்தேன். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அடுத்த வீட்டு லாரி ஓட்டுநர், முஸ்லிம். விடியும்வரை வார்டுத் தாழ்வாரத்திலேயே இருந்தார். பாங்கு நேரம் வந்ததும் அங்கேயே ஒரு துணியை விரித்துத் தொழுதார். அப்போது எனக்காகவும் வேண்டியதாகப் பிறகு சொன்னார். அவரைப் பற்றி, அவர் மார்க்கத்தைப் பற்றி, யாராவது என் முன்னால் இழிவாகப் பேசினால் இன்றும் நான் எழுந்து போய்விடுவேன்.

9. உன் கையிலுள்ள மருந்தைத் தூண்டிலில் மாட்டாதே.

காயம் கட்ட வந்தவளிடம் ஜெபக் கூட்டத்துக்கு வா என்று பேரம் பேசாதே. உன் விசுவாசத்தைக் கேட்டால் கூச்சமில்லாமல் சொல். கேட்காவிட்டாலும் காயத்தை அதே கையால் கட்டு. நாம் சொல்கிற நற்செய்திக்கு விலைச்சீட்டு ஒட்டும் அதிகாரத்தை யாரும் நமக்குத் தரவில்லை. அந்த நாட்டின் சட்டத்தையும் விசா நிபந்தனையையும் எழுத்துப் பிசகாமல் மதி.

10. கூட இருப்பவர்களோடு சண்டை வரும்.

வரும் என்று தெரிந்திரு, அதிர்ச்சி குறையும். சீகன்பால்கை 1708இல் நான்கு மாதம் சிறையில் போட்டது தமிழர்கள் இல்லை. அவரைப் போலவே கடல் கடந்து வந்திருந்த டேனியக் கோட்டைத் தலைவர்தான். நான் அறிய வீடு திரும்பிய ஊழியர்களில் பலரைத் திருப்பி அனுப்பியது வெயிலும் இல்லை, நோயும் இல்லை. சமையலறை. யார் கெட்டிலைக் கழுவவில்லை, யார் ஜெனரேட்டர் நேரத்தில் இஸ்திரி போட்டார் என்பதுதான். சூரியன் மறையும் முன் பேசித் தீர்த்துவிடு. தீரவில்லை என்றால் அவளுடைய கெட்டிலையும் நீயே கழுவி வை.

11. ஜெபம் வறளும்.

இதை அனுப்புதல் ஆராதனையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறாவது வாரம் வேதத்தைத் திறந்தால் எனக்கு எழுத்து தெரிந்தது, குரல் கேட்கவில்லை. தமிழிலும் ஜெபம் வரவில்லை, சுவாஹிலியில் சொல்லும் வரவில்லை. ஆண்டவரை நான்தான் அந்த ஊருக்குச் சுமந்துபோகிறேன் என்ற நினைப்போடு போனவன் நான். அந்த நினைப்பு என்னைவிட்டுப் போக வேண்டியிருந்தது, போகும்போது வலித்தது.

ஒரு நோட்டு வாங்கினேன். தினம் ஒரு பெயர் எழுதுவேன். அன்று பார்த்த ஒருவருடைய பெயர், சரியான உச்சரிப்பைக் கேட்டு எழுதியது. இரவில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வேன். வேறு ஒரு வார்த்தையும் சேர்க்காமல் விளக்கை அணைப்பேன். இரண்டு மாதத்தில் அறுபது பெயர் சேர்ந்தது. எந்த நாளில் ஜெபம் திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது, எப்போதோ வந்திருந்தது. பம்புக்காரப் பெரியவரின் பெயர் ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறது. அந்த நோட்டு இங்கே என் அலமாரியில் வேதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, நீ திரும்பி வந்ததும் காட்டுகிறேன்.

12. முடியவில்லை என்றால் சொல்.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவின் முதல் ஊழியம் ஜப்பானில். 1893இல் போனார், உடல் கெட்டுத் திரும்பினார். 1895இல் இந்தியா வந்தார். பிறகு 1951இல் கண்மூடும்வரை தன் நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஜப்பானிலிருந்து திரும்பிய நாட்களில் அவரைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? உனக்கு உடம்போ மனமோ தாங்காமல் போனால், எங்களிடம் மறைத்துத் தேய்ந்துபோகாதே. இந்த வீட்டுக் கதவு எந்த ராத்திரியும் திறக்கும். ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

ஆனால் அந்த முடிவை இரவில் எடுக்காதே. ஞாயிறு மாலையிலும் எடுக்காதே.

13. கோழி கொடுத்தால் வாங்கிக்கொள்.

ஒருநாள் நடக்கும் இது. உன்னால் பிழைத்ததாக நம்புகிற யாரோ ஒருவர், காலைக் கட்டிய கோழியைக் கொண்டுவந்து நீட்டுவார். அவரிடம் அது ஒன்றுதான் இருக்கும். உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் எழுதிக் கெடுத்தேனே, அந்த விதவை எனக்குக் கொண்டுவந்தாள். ஐயோ வேண்டாம் அம்மா, பிள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்பால்தான் சொன்னேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நான் கொடுத்துக்கொண்டே இருக்கலாம், அவள் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன் என்பது அப்போது புரியவில்லை. கடிதம் அச்சாகி வந்த பிறகு, அந்த நர்ஸையும் அழைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். பேசி முடித்ததும் விதவை உள்ளே போனாள். அதே கோழியோடு வந்தாள். இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். அந்த ஊரிலும் நம் ஊர் போல இரு கையால்தான் வாங்க வேண்டும். அன்று மாலை அவள் வீட்டிலேயே அது குழம்பானது. பம்புக்காரப் பெரியவரும் வந்திருந்தார்.

எழுத நினைத்தது இன்னும் இருக்கிறது. உன் பெரியம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். தினமும் வீடியோவில் வராதே. வந்தால் உன் உடம்பு அங்கேயும் மனம் பாரிவாக்கத்திலும் கிடக்கும். உன் அம்மாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டேன். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எல்லோரும் போன் பக்கத்தில் இருப்போம். உனக்கு அப்போது மாலை ஐந்தரை. பஞ்சு மடிக்கிற அந்தப் பெண்ணிடம் கேட்டால் பதினொன்றரை என்பாள். அவள் பெயரைக் கேட்டு எழுதி வை, ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்.

உன் பெரியப்பா